கொரிந்து வளைகுடாக் கரையில் காயும் திராட்சை

பெரம்பூரில் எங்கள் எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில், வடகிழக்குப் பருவமழையின் முதல் மழை விழுந்ததும் கிறிஸ்துமஸ் கேக்குக்கான பழங்களை ரம்மில் ஊறப்போடும் வேலை தொடங்கிவிடும். முந்திரி, செர்ரி, பேரீச்சை, சர்க்கரைப் பாகில் போட்ட ஆரஞ்சுத் தோல் என்று எல்லாவற்றையும் நறுக்கிப் பீங்கான் ஜாடியில் போடும் ஆன்ட்டி, ஒன்றை மட்டும் கத்தி படாமல் அப்படியே கொட்டுவார். மிளகைவிடச் சற்றே பெரியதாக, கருநீலமாக, சுருங்கி இருக்கும் அந்த உலர் திராட்சையை நான் பல ஆண்டுகள் சின்னக் கிஸ்மிஸ் என்றே நினைத்திருந்தேன். “கிஸ்மிஸ் இல்ல தம்பி, இது கரன்ட்ஸ். கிரீஸ்லேருந்து வர்றது. இது கெடைக்காத வருஷம் கேக்கோட ருசியே மாறிடும்” என்று அவர் ஒருமுறை சொன்னார்.

வங்கியில் வேளாண் கடன் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எந்த விளைபொருளைக் கண்டாலும் அது எந்த மண்ணில் விளைகிறது, யார் வாங்குகிறார்கள், விலையை யார் வைக்கிறார்கள் என்று விசாரிக்கும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. மகள் ஆராய்ச்சிப் படிப்புக்காக கிரீஸ் நாட்டின் பாத்ரா நகரத்தில் இருக்கிறாள். சென்ற ஆண்டு ஆகஸ்டில் அவளைப் பார்க்கப் போனபோது, ஆன்ட்டியின் ஜாடிக்குள் போகும் அந்தப் பழம் விளைகிற கரையிலேயே பத்து நாள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே பார்த்ததையும், அதற்கு முன்னும் பின்னும் தேடிப் படித்ததையும் எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன்.

முதலில் பெயர். கரன்ட் என்ற சொல்லே கொரிந்து என்னும் ஊர்ப்பெயரின் திரிபு. பவுல் கடிதம் எழுதியதாக விவிலியத்தில் வரும் அதே கொரிந்துதான். இடைக்காலத்தில் அந்தத் துறைமுகம் வழியாக மேற்கு ஐரோப்பாவுக்குப் போன உலர் திராட்சையைக் கொரிந்துத் திராட்சை என்று அழைக்கத் தொடங்கி, பிறகு திராட்சை என்ற சொல் உதிர்ந்து ஊர்ப்பெயர் மட்டும் உருமாறி நின்றுவிட்டது. நம் ஐஸ்கிரீம் கடைகளில் ப்ளாக் கரன்ட் என்று விற்கும் ஊதா நிறப் பழம் முற்றிலும் வேறு செடியைச் சேர்ந்தது.

இந்தத் திராட்சையில் மிக உயர்ந்ததாக மதிக்கப்படுவது கொரிந்து நகரத்தில் விளைவதன்று. பாத்ராவிலிருந்து வளைகுடாவை ஒட்டிக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் வரும் ஏயியோ என்ற ஊரும் அதைச் சுற்றிய எயியாலியா பகுதியும்தான் அதன் தாய்நிலம். ஏயியோவுக்கு வோஸ்திட்சா என்று ஒரு பழைய பெயர் உண்டு. ஊர் அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டாலும் திராட்சை இன்றும் அந்தப் பெயரிலேயே, ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புடன் விற்பனையாகிறது. நிர்வாக வகையில் இது அகாயா மாவட்டம். விவிலியம் படித்தவர்களுக்கு அந்தப் பெயரும் பழக்கமானதாகவே இருக்கும்.

சென்னைக் கடற்கரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கரை எளிதில் பிடிபடாது. இங்கே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடந்தாலும் தரை ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். அங்கே கடலை விட்டுச் சில கிலோமீட்டர் போவதற்குள் சமவெளி முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் மேடு, அதன்மேல் இன்னொரு மேடு என்று படிகள்போல ஏறிக்கொண்டே போய், 1,926 மீட்டர் உயரமுள்ள பனாகாயிகோ மலையும் 2,355 மீட்டர் உயரமுள்ள ஹெல்மோஸ் மலையும் பின்னால் சுவர்போல நிற்கின்றன. செலினூந்தாஸ், கெரினீதிஸ், வூராய்கோஸ் ஆகிய ஆறுகள் அந்த மலைகளிலிருந்து குறுகிய தூரத்தில் வேகமாக இறங்கி, கொண்டுவந்த கூழாங்கல்லையும் மணலையும் கடலோரத்தில் விசிறிபோலப் பரப்பியிருக்கின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து களைத்துப்போய் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் காவிரியின் கழிமுகத்தைப் பார்த்தவனுக்கு, ஓட்டமாய் ஓடிவந்து கல்லைக் கொட்டும் இந்த ஆறுகளின் கழிமுகம் புதிதாக இருந்தது.

இந்த நிலம் இப்படி இருப்பதற்குக் காரணம் அடியில் இருக்கிறது. கொரிந்து வளைகுடா என்பது பூமியின் மேலோடு விரிந்து பிளந்துகொண்டிருக்கும் இடம். ஏயியோ பக்கத்தில் வடகரையும் தென்கரையும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் விலகிச் செல்கின்றன. அந்தப் பிளவில் வளைகுடாவின் தரை தாழ, தென்கரை உயர்கிறது. அதனால் ஒரு காலத்தில் கடலோரத்தில் படிந்த கழிமுகக் கூழாங்கற்கள் இன்று பல நூறு மீட்டர் உயரத்தில் மலைச்சரிவாக நிற்பதைக் காண முடிகிறது. திராட்சைத் தோட்டத்தின் நடுவே குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். ஆற்றில் உருண்ட வழவழப்பு அதில் அப்படியே இருந்தது. கீழே ஆறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

உயரத்துக்கு ஏற்பப் பயிரும் மாறுகிறது. கடலை ஒட்டிய விசிறிச் சமவெளியில் தண்ணீர் கிடைப்பதால் எலுமிச்சையும் ஆரஞ்சும் நிற்கின்றன. அதற்கு மேலே ஒலிவ மரங்களும், மேட்டுச் சரிவுகளில் உலர் திராட்சைக் கொடியும் கலந்து வருகின்றன. இன்னும் மேலே, வடக்கு நோக்கிய குளிர்ந்த சரிவுகளில், மதுவுக்கான ரோதீதிஸ் திராட்சை. எயியாலியாவின் சரிவுகள் என்ற பெயரிலேயே அந்த மதுவை விற்கிறார்கள். தியாகோஃப்தோ என்ற கடலோர ஊரிலிருந்து கலாவ்ரிதா மலையூருக்கு 1896 முதல் ஓடும் சிறிய ரயிலில் ஏறினால், 22 கிலோமீட்டருக்குள் எலுமிச்சையில் தொடங்கி ஊசியிலை மரங்கள் வரை கண்ணால் பார்த்துவிடலாம். செங்குத்தான இடங்களில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் அந்த ரயிலில் உட்கார்ந்தபோது எனக்குக் குன்னூர் ஏறும் நினைவு வந்தது.

கொரிந்துக் கருந்திராட்சை விதையில்லாதது. பழம் மிகச் சிறியது. இயல்பாக விட்டால் பிஞ்சு பெரும்பாலும் உதிர்ந்துவிடும் என்பதால், பூக்கும் சமயத்தில் தண்டைச் சுற்றி மெல்லிய வளையமாகப் பட்டையைக் கீறிவிடுவது அவர்களின் பழைய வழக்கம். இலையில் உண்டாகும் சர்க்கரை கீழே வேருக்கு இறங்காமல் காயிலேயே தங்குவதற்கான வழி அது. பிறகு ஜிப்ரலிக் அமிலம் என்ற பயிர் வளர்ச்சி ஊக்கியின் தெளிப்பு வந்து அந்தக் கத்தி வேலையைப் பெருமளவு குறைத்துவிட்டது. தேனி மாவட்டத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தபோது கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல்களுக்கு அடியில் நின்று கவாத்து, சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், போர்டோ கலவை என்று காது நிறையக் கேட்டவன் நான். கொடியின் பேச்சு எங்கும் ஒன்றுதான் என்று ஏயியோவில் உணர்ந்தேன். மகள் மொழிபெயர்ப்பதற்கு முன்பே, இலையைத் திருப்பிக் காட்டிய விதத்திலிருந்து அவர்கள் எந்த நோயைச் சொல்கிறார்கள் என்று புரிந்துவிட்டது.

வேறுபாடு அறுவடைக்குப் பின்பு வருகிறது. கம்பத்துப் பன்னீர் திராட்சை அறுத்த அன்றே லாரி ஏறியாக வேண்டும். மறுநாள் விடியற்காலை கோயம்பேட்டில் என்ன விலையோ அதுதான் விலை. ஏயியோவின் திராட்சை காய்ந்த பிறகுதான் சரக்கு ஆகிறது. ஏறத்தாழ நான்கு கிலோ பச்சைத் திராட்சை ஒரு கிலோ உலர் திராட்சையாகிறது. ஆகஸ்டில் அறுத்து, களத்தில் பரப்பி, பத்து நாளை ஒட்டி வெயிலில் காயவிடுவது பெருவழக்கு. நூற்சரத்தில் கொத்துக்களைக் கோத்துக் கொட்டகைக்குள் தொங்கவிட்டு நிழலில் காயவைப்பது இன்னொரு முறை. அதற்கு நாள் அதிகம், இடம் அதிகம், ஆனால் பழத்தின் நீலக் கருமையும் மணமும் கெடாமல் இருக்கும், விலையும் கூடுதல்.

ஏயியோவுக்குத் தெற்கே மேட்டிலுள்ள ஒரு கிராமத்தில், மகளுடன் படிக்கும் பெண்ணின் பாட்டி வீட்டில் தங்கினோம். எல்லோரும் அவரை யாயா என்று கூப்பிட்டார்கள். பாட்டி என்று பொருள். களத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அலோனி. கதிரடிக்கும் களத்துக்கும் அதே சொல்தான். தன் தாயின் காலத்தில் மாட்டுச் சாணத்தைக் கரைத்து மெழுகித் தரையை இறுகச் செய்த பிறகே திராட்சையைப் பரப்புவார்கள் என்று யாயா சொன்னதை மகள் மொழிபெயர்த்தபோது, திருவாரூர் பக்கத்தில் என் அம்மாயி போர் அடிப்பதற்கு முதல் நாள் களத்தை மெழுகியதை நான் அவருக்குச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது சாணம் இல்லை. வலை விரித்து அதன்மேல் காயப்போடுகிறார்கள். காலையிலும் மாலையிலும் மரக் கொத்துவாரியால் புரட்டிவிட்டு, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்பார். விரல்களைத் திறந்ததும் ஒட்டாமல் உதிர்ந்தால் அந்தப் பகுதி முடிந்தது, கட்டியாக நின்றால் இன்னும் வெயில் வேண்டும்.

ஐந்தாம் நாள் மாலை நான்கு மணி இருக்கும். மேற்கே பனாகாயிகோ மலைக்கு மேல் மேகம் கறுத்தது. யாரும் யாரையும் அழைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூட ஆட்கள் ஓடிவந்தார்கள். ஓரங்களிலிருந்து பழத்தை நடுவுக்குத் தள்ளி, நீளவாக்கில் குவித்து, தார்ப்பாயை இழுத்து மூடி, விளிம்பில் கல் வைக்கும் வரை ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். இருபது நிமிடம் பெரிய பெரிய துளிகளாக விழுந்து நின்றது. பாதி காய்ந்த திராட்சையின் மேல் தண்ணீர் பட்டால் தோல் வெடித்துப் பூஞ்சை பிடித்துவிடும். அந்த ஆண்டின் வருமானம் சாராய ஆலைக்குப் போகும் தரத்துக்கு இறங்கிவிடும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் குறுவை அறுவடையின்போது கொள்முதல் நிலையத்துக்கு வெளியே நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாதே என்று வானத்தைப் பார்த்து நின்ற விவசாயிகளின் முகங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யாயாவின் முகம் அன்று அதே முகமாக இருந்தது.

காயவைத்த சரக்குக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: விலை சரியில்லை என்றால் காத்திருக்கலாம். ஆனால் கடன் காத்திருக்காது. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில்தான் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கிரீஸ் விடுதலை பெற்ற பிறகு அந்த இளம் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் இந்த ஒரு பழத்திலிருந்தே வந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்கள். அவர்களின் கிறிஸ்துமஸ் புட்டிங்கும் கேக்கும் பன்னும் இது இல்லாமல் நடக்காது. பாத்ரா இந்த வணிகத்தால் வளர்ந்த துறைமுகம். வணிகர்கள் கொடி பூக்கும் முன்பே முன்பணம் கொடுத்தார்கள். அறுவடை அவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. 1852-இல் சாம்பல் நோய் தாக்கி விளைச்சலை அழித்தபோதும், கந்தகத் தூள் தூவக் கற்றுக்கொண்டு மீண்டார்கள்.

பெரிய அடி வேறு திசையிலிருந்து, முதலில் அதிர்ஷ்டத்தின் வடிவில் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி 1860களில் தொடங்கிப் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. மதுவுக்குத் திராட்சை இல்லாமல் தவித்த பிரெஞ்சுக்காரர்கள், உலர் திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்து நொதிக்கவைத்து மது தயாரிக்கத் தொடங்கினார்கள். 1870களின் நடுவில் பெயருக்குக்கூட இல்லாத பிரெஞ்சுக் கொள்முதல், 1889-இல் சுமார் 70,000 டன்னை எட்டியது. இந்தக் கரையும் அடங்கிய தென் கிரீஸ் தீபகற்பமான பெலொப்பொனேசின் மேற்கிலும் தெற்கிலும் இருந்த சமவெளிகளில், ஒலிவ மரங்களை வெட்டிவிட்டுக்கூடக் கொடி நட்டார்கள். கடன் வாங்கி நட்டார்கள். நட்ட கொடி முழு விளைச்சலுக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதையும், அதற்குள் வாங்குகிறவனின் நிலைமை மாறிவிடலாம் என்பதையும் அன்று யார் எடுத்துச் சொல்லியிருப்பார்கள்? கடன் விண்ணப்பங்களைப் படித்துக் கையெழுத்திட்டவன் என்ற முறையில், அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு மனம் பதைத்தது. விலை ஏறும் ஆண்டில் வரும் விண்ணப்பங்களில் எப்போதும் அந்த ஆண்டின் விலையே எழுதப்பட்டிருக்கும்.

பிரெஞ்சுத் தோட்டங்கள் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மீண்டன. தம் விவசாயிகளைக் காப்பதற்காகப் பிரான்ஸ் 1892-இல் சுங்கத்தை உயர்த்தியது. 1893-இல் பிரெஞ்சுக் கொள்முதல் ஏறத்தாழ நின்றே போனது. விலை பாதிக்கும் கீழே சரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பிரதமர் ஹரிலாவோஸ் திரிகூபிஸின் அரசு, நாடு திவாலாகிவிட்டதாக அறிவிக்க நேர்ந்தது. அரசின் கடன் சுமைக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்நியச் செலாவணி கொண்டுவந்த ஒரே பெரிய சரக்கு அப்போதுதான் வீழ்ந்திருந்தது. 1890 முதல் 1914 வரை சுமார் மூன்றரை லட்சம் கிரேக்கர்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெலொப்பொனேசுக் கிராமங்கள்தான் அதில் முன்னால் நின்றன. யாயாவின் வீட்டுக் கூடத்தில் மீசையுடன் நிற்கும் ஒரு இளைஞனின் பழைய புகைப்படம் மாட்டியிருந்தது. அவருடைய தாத்தாவின் தம்பி. சிகாகோவுக்குப் போனவர், திரும்பவில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. 1895-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஏற்றுமதி செய்கிறவர் ஒரு பங்கு சரக்கை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும் என்றது. சந்தையில் சரக்கைக் குறைத்து விலையைத் தாங்கிப் பிடிப்பது நோக்கம். அப்படித் தேங்கிய திராட்சை உள்நாட்டுச் சாராய, மது ஆலைகளுக்குப் போனது. 1899-இல் உலர் திராட்சைக்கென்றே ஒரு வங்கி, 1905-இல் தனிச் சலுகை பெற்ற ஒரு நிறுவனம், 1925-இல் தன்னாட்சி உலர் திராட்சை அமைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நம் நாட்டுக் கொள்முதல் முறைகளைப் பற்றி வாதிடுகிற எல்லோரும் இந்த முப்பது ஆண்டுகளைப் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். உபரியை வாங்கிவைப்பது அந்த ஆண்டின் விலையைத் தாங்கியது; கொடிகளின் பரப்பைக் குறைக்கும் கசப்பான வேலையோ பின்னுக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே போனது.

வணிகத்தில் அந்தக் காலம் தொட்டு மூன்று தரப்பெயர்கள் உண்டு: வோஸ்திட்சா முதலில், வளைகுடா அடுத்து, மாகாணம் என்பது கடைசி. முதல் தரம் விளையும் சரிவுகளை நினைத்தபடி விரிவாக்க முடியாது. பின்னால் மலை, முன்னால் கடல். சமவெளிகளில் நடந்ததைப் போலக் கண்மண் தெரியாமல் நட அங்கே இடமே இல்லாமல் போனதுதான் ஏயியோவை ஓரளவு காப்பாற்றியது என்பது என் கணிப்பு. இன்று அங்கே விளைவதில் பெரும்பகுதியைத் திரட்டி, சலித்து, கழுவி, தரம் பிரித்து அனுப்பும் வேலையில் பான்எயியாலியோஸ் என்னும் கூட்டுறவு ஒன்றியம் முக்கியமானது. பிரிட்டன் இன்றும் பெரிய வாடிக்கையாளர்.

மலையையும் கடலையும் தந்த அதே பிளவு அவ்வப்போது கணக்கும் கேட்கிறது. ஏயியோவுக்குச் சற்றுக் கிழக்கே ஹெலிகே என்று ஒரு நகரம் இருந்தது. கி.மு. 373-இன் குளிர்காலத்தில் ஒரே இரவில் நிலநடுக்கமும் கடல்பெருக்கும் சேர்ந்து அதை விழுங்கின. கடலடியில் நிற்கும் வெண்கலக் கடவுள் சிலையில் மீனவர் வலைகள் சிக்கும் என்று படகோட்டிகள் சொன்னதைப் பண்டைய எழுத்தாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் செய்தி சட்டென்று நெருங்கிவிடுகிறது. பல காலம் எல்லோரும் கடலுக்குள் தேடிக்கொண்டிருக்க, தோரா கட்சோனோபூலூ என்ற தொல்லியல் அறிஞரின் குழு 2001-இல் கரையில், ரிசோமிலோஸ் கிராமத்தருகே, பழைய காயல் படிவுக்கு அடியில் அதன் எச்சங்களைக் கண்டது. ஆறுகள் கொண்டுவந்த மண் அந்தக் காயலையே மூடிவிட்டிருந்தது, மேலே தோட்டங்கள். 1995 ஜூன் 15 அன்று ஏயியோவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் 26 பேர் உயிரிழந்தார்கள். அந்த விடியலைப் பற்றி யாயா ஒரே ஒரு வாக்கியம் மட்டும் சொன்னார்: கட்டிலிலிருந்து இறங்கியபோது தரை இருந்த இடத்தில் இல்லை.

திரும்பும்போது நிழலில் காய்ந்த திராட்சை ஒரு கிலோவைத் துணிப்பையில் கட்டித் தந்தார். பெரம்பூர் ஆன்ட்டி ஒரு பழத்தை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார்; பிறகு இன்னொன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்ளோ வருஷமா இதையே கட் பண்ணாம போடறேன், ஆனா இந்த வாசனை வந்ததில்ல தம்பி” என்றார். கேக்குக்கு அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை அப்படியே சாப்பிடுவதற்கென்று தனி டப்பாவில் போட்டு வைத்தார்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் மகள் செய்தி அனுப்பியிருந்தாள். களத்தில் காய்ந்தது எல்லாம் மழைக்கு முன்பே கூட்டுறவு ஒன்றியத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். கொட்டகையில் சரம் சரமாகத் தொங்குவது மட்டும் இன்னும் ஒரு வாரம் இருக்க வேண்டுமாம்.